உப்பும் பிறபொருளெதிரியும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், பரீட்சைகள் முடிந்த கையோடு, எனது குருதிப் பரிசோதனை அறிக்கை ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய ஐந்தாறு மாதங்களாகவே விடுதியின் மாடிப்படிகளில் ஏறுவது எனக்குப் பெரும் பிரயத்தனமாக இருந்தது. தலைமயிர் சீப்போடு கழன்று வந்தது. பிற்பகல் விரிவுரைகளில் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. பேராதனைக் குளிர் கடற்கரைப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோழியர் கூறினர். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். அறிக்கையில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன. தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன் 6.2, அதன் மேலெல்லை 4.2 என அருகே குறிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, 34ஐத் தாண்டக்கூடாத ஒன்று 480ஆக நின்றது. அதுதான் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி.

வைத்தியர் பொறுமையுடனேயே பேசினார். சுரப்பி இன்னும் தன் வேலையைச் செய்கிறது, ஓமோனின் அளவு இயல்பாகவே உள்ளது, இப்போதைக்குக் குளிசை வேண்டியதில்லை, சில மாதங்களின் பின்னர் மீண்டும் பரிசோதிப்போம் என்றார். உணவில் எதனை விலக்க வேண்டும் என்று கேட்டேன். "வழமைபோலச் சாப்பிடுங்கள்" என்பதே விடையாக இருந்தது. எனக்கு அவ்விடை போதவில்லை. 480 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் வழமைபோல இருக்கச் சொல்வது எத்தகைய ஆறுதல் என்று எண்ணியவாறே விடுதிக்குத் திரும்பினேன்.

கலைப்பீட மாணவிக்கு நோயைவிட நோயின் பெயரே முதலில் இடறுகிறது போலும். பிறபொருளெதிரி என்ற சொல்லைச் சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் மனனஞ் செய்திருக்கிறேன். உடலுக்கு அந்நியமான பொருளொன்று உள்ளே புகும்போது அதனை எதிர்க்க உடலே ஆக்கிக்கொள்ளும் புரதம் அது. பிற, பொருள், எதிரி என்று பதம் பிரிப்பதில் சிக்கல் எதுவுமில்லை. ஆனால் என் குருதியில் இருந்தது எந்தப் பிறபொருளுக்கு எதிரி? கழுத்தின் முன்புறத்தில், மூச்சுக்குழாயை அணைத்தபடி, பிறந்த நாள் முதல் என்னோடிருக்கும் சுரப்பிக்கல்லவா அது எதிரியாக இருந்தது! சொல் பொய் சொல்கிறதா, உடல் பொய் சொல்கிறதா என்ற ஐயத்துடனேயே நூலகத்துக்குப் போனேன்.

அங்கு அறிந்தவற்றுள் முதலாவது, அந்தச் சொல்லின் பின்னால் நிற்கும் நம்பிக்கையை விஞ்ஞானிகளே நெடுங்காலம் கொண்டிருந்தனர் என்பதாகும். உடல் தன்னைத் தானே தாக்காது என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏறத்தாழ ஒரு சித்தாந்தமாகவே இருந்தது. 1912இல் ஜப்பானிய வைத்தியரான ஹகாரு ஹஷிமொட்டோ நான்கு பெண்களின் வீங்கிய தைரொயிட்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, சுரப்பி முழுவதும் நிணநீர்க் கலங்கள் நிறைந்திருக்கக் கண்டு, ஜெர்மன் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். அக்கலங்கள் அங்கே ஏன் வந்தன என்பது அவருக்குப் புலப்படவில்லை. சில ஆண்டுகளில் அவர் ஆராய்ச்சியை விட்டு ஊருக்குத் திரும்பி, சாதாரண வைத்தியராகத் தொழில்புரிந்து, 1934இல் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். தமது பெயர் உலகெங்கும் ஒரு நோயின் பெயராக வழங்கப்போகிறது என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. 1956இல்தான் லண்டனில் ரொயிட், டோனியாக் முதலியோர் அந்நோயாளரின் குருதியில் தைரொயிட்டுப் புரதத்துக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரோசும் விட்டெப்ஸ்கியும் முயல்களில் அத்தகைய அழற்சியைச் செயற்கையாகத் தோற்றுவித்துக் காட்டினர். சித்தாந்தம் உடைந்தது. எமது கலைச்சொல் மட்டும் பழைய நம்பிக்கையோடு நின்றுவிட்டது. தன்பொருளெதிரி என்று நானே ஒரு சொல்லை ஆக்கிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். எந்த அகராதியும் அதனை ஏற்க வேண்டியதில்லை. எனக்கு அது உதவிற்று.

இரண்டாவதாக அறிந்தது இன்னும் பயனுடையது. பெரொக்சிடேசு என்னும் நொதியமே அயடீனைப் புரதத்தோடு பிணைத்துத் தைரொயிட்டு ஓமோனை ஆக்குகிறது. என் குருதியிலிருந்தது அந்நொதியத்துக்கு எதிரானது. எனினும் சுரப்பியைச் சிதைப்பதில் பெரும்பங்கு கொள்வன நிணநீர்க் கலங்களே; பிறபொருளெதிரியை அந்தச் சிதைவின் சாட்சி என்று சொல்வது கூடுதலாகப் பொருந்தும். சாட்சி உரத்துப் பேசினால் குற்றம் பெரிதென்று கொள்ள முடியாது. 480 என்பது 240ஐப்போல் இருமடங்கு நோயன்று. கவனித்துவர வேண்டியது தூண்டும் ஓமோனின் அளவையே. இங்கிலாந்தின் விக்கம் என்னும் இடத்தில் இருபதாண்டுகள் தொடர்ந்து நடந்து 1995இல் முடிவுகள் வெளியான ஆய்வொன்றின்படி, பிறபொருளெதிரி மட்டும் உள்ள பெண்கள் நூறு பேரில் ஆண்டொன்றுக்கு இருவரளவிலும், அதனுடன் தூண்டும் ஓமோனும் உயர்ந்திருப்போரில் நால்வரளவிலும் சுரப்பி செயலிழக்கும் நிலையை அடைந்தனர். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். நூற்றுக்கு நான்கு. அவ்வெண்ணை ஒருநாள் சிறிதென்றும் மறுநாள் பெரிதென்றும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்குப் பள்ளிமுனைக்குப் போனபோது அறிக்கையை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதனை வாசிக்கவில்லை. மடித்துத் திருவிவிலியத்துக்குள் வைத்தார். பின்பு கதவைச் சாத்திவிட்டு, "வெளியில ஒருத்தருக்கும் சொல்லாத மகள். கழுத்து வருத்தம் எண்டால் நாளைக்குச் சம்பந்தம் பேசுற இடத்தில என்ன சொல்லுவினம்?" என்றார். மாசி மூன்றாம் திகதி புனித பிளாசியாரின் நாள். தொண்டை நோய்களுக்குப் பாதுகாவலரான அவரது நாளில், குருவானவர் இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவையாகக் கழுத்தில் வைத்து ஆசீர்வதிப்பார். அந்நாள் கடந்துவிட்டதே என்பது அம்மாவின் பெருங்கவலையாயிற்று. என் கழுத்தில் வீக்கம் எதுவும் இல்லை என்று பலமுறை சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைவிடக் கழுத்தையே பார்த்தார்.

இரகசியம் எமது குடும்பத்துக்குள் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்தது, பின் அவர் வழியாக வெளிநாட்டிலிருக்கும் மச்சாளுக்குத் தெரிந்தது. ஆளுக்கொரு விலக்கு வந்து சேர்ந்தது. பாண் ஆகாது, ரொட்டி ஆகாது, கோவா ஆகாது, மரவள்ளி ஆகாது. பால் ஆகாது என்றார் ஒருவர். அயடீன் கூடாது, ஆகவே கடல்மீனே ஆகாது என்று கைத்தொலைபேசியில் எவரோ சொன்னதைப் பெரியம்மா பெரும் துக்கத்தோடு எடுத்துவந்தார். வேறொருவர், இல்லை, அயடீன் போதாமையால்தான் இது வருகிறது, கடற்பாசியை உண்ண வேண்டும் என்றார். அம்மம்மாவுக்கு இவை எல்லாமே பகிடியாக இருந்தன. "கடலுக்குள்ள வீட்டைக் கட்டிக்கொண்டு இருக்கிறம். எங்கட உப்பும் கடல், கறியும் கடல். எங்களுக்கு அயடீன் குறையுமோடி பிள்ளை?" என்று கேட்டார்.

அம்மம்மாவின் வினா அத்தனை எளிதானதன்று. எமது அடுப்படியில் உள்ள உப்பு, கருவாடு போடுவதற்கென மூட்டையாக வாங்கும் கல்லுப்பு. சூடையும் கீரியும் மலிவாக விழும் நாட்களில் மீனுக்குப் போட்டு மிஞ்சுவது சட்டியில் இறங்கிக் கறிக்கும் போகும். கடலிலிருந்து வந்ததாதலால் அதில் கடலின் சத்தெல்லாம் இருக்கும் என்பது எமது ஊரவர் அனைவரதும் எண்ணம்; எனதும் அதுவே. கணக்குப் பார்த்தபோதுதான் அது தவறென விளங்கிற்று. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அயடீனோ 60 மைக்ரோகிராம் அளவுதான். அவ்வளவும் அப்படியே உப்பில் தங்கினாலும் ஒரு கிராம் உப்புக்கு இரண்டு மைக்ரோகிராமைக்கூட எட்டாது. உப்பளப் பாத்தியில் உப்பு விளையும்போது அதிலும் பெரும்பங்கு நீங்கிவிடுகிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஐந்து கிராம் கல்லுப்பு உண்டால் அதில் பத்துக்கூடக் கிடையாது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் அயடீன் சேர்த்த உப்பாயின் அதே ஐந்து கிராமில் நூறு மைக்ரோகிராம் கிடைக்கும். கடலின் அயடீன் உப்பில் இல்லை. மீனிலும் நண்டிலும் இறாலிலும் கடற்பாசியிலும்தான் இருக்கிறது. ஆக, அம்மம்மா கறியைப் பற்றிச் சொன்னது சரி. உப்பைப் பற்றிச் சொன்னது பிழை.

இந்த இடத்தில் நான் செய்த மடமையைச் சொல்லியாக வேண்டும். மச்சாள் அனுப்பிய பொதியில் சொக்கிலேட்டுகளுக்கு நடுவே ஒரு போத்தல் இருந்தது. குளிர்கடலில் விளையும் பாசியைத் தூளாக்கி அடைத்த குளிகைகள். தைரொயிட்டைப் போஷிக்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. இயற்கை உணவு, அதுவும் கடலுணவு. அதில் என்ன தீங்கு வரப்போகிறது என்று நாளுக்கு இரண்டாக மூன்று மாதங்கள் விழுங்கினேன். வைத்தியரிடம் சொல்லவில்லை. அது மருந்தன்று என்பது என் நியாயம். ஆவணியில் மீண்டும் பரிசோதித்தபோது தூண்டும் ஓமோன் 14ஆக ஏறியிருந்தது. வைத்தியர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "புதிதாக ஏதாவது எடுத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். போத்தலை மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். குளிகை ஒன்றில் 600 மைக்ரோகிராம் அயடீன். வேண்டியதைப்போல் எட்டு மடங்கை நாள்தோறும் விழுங்கியிருக்கிறேன்.

அயடீன் மிகுந்தால் தைரொயிட்டு ஓமோனை ஆக்குவதைத் தற்காலிகமாக நிறுத்திவிடும் என்பதனை 1948இல் வுல்ஃப், சைக்கொஃப் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். நலமான சுரப்பி சில நாட்களில் அந்நிலையிலிருந்து மீண்டுவிடும். ஹஷிமொட்டோ நோயின் வாயில் இருக்கும் சுரப்பிக்கு அந்த மீட்சி எளிதில் வாய்ப்பதில்லை. இதனைவிட எனக்கு வியப்பளித்தது ஜப்பானின் ஹொக்கைடோத் தீவின் கதையே. அங்குள்ள கரையோர மீனவர் ஊர்களில் கழுத்துக்கழலை பரவலாகக் காணப்பட்டதாக 1965இல் சுசுக்கி முதலியோர் எழுதினர். அதற்குக் காரணம் அயடீன் குறைவன்று. கொம்பு என்னும் கடற்பாசியை அம்மக்கள் ஏராளமாக உண்டதே. மலைநாட்டில் குறைவால் வரும் நோய் கடற்கரையில் மிகுதியால் வந்திருக்கிறது. அயடீனே 1811இல் பிரான்சில் குர்த்துவா என்பவரால் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் கண்டெடுக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஜெனீவாவில் குவாந்தே என்னும் வைத்தியர் அதனைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார், கழலைகள் சுருங்கின. அளவு மிஞ்சி உண்ட சிலர் வேறு விதமாக நோயுற்றனர் என்பதும் அக்காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக மற்றவர்கள் கற்ற பாடத்தை நான் ஒரு போத்தலிலிருந்து கற்றேன்.

இவ்வாறு எழுதும்போது, அயடீன் உப்பே வேண்டாம் என்று எவரும் கொண்டுவிடக் கூடாது. கைத்தொலைபேசியில் அப்படியும் ஒரு பிரசாரம் நடக்கிறது. எமது நாட்டில் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 1989இல் வெளியிடப்பட்ட முடிவுகளில், நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேற்பட்டோருக்குக் கழலை இருந்தது. களுத்துறையில் அது முப்பதை எட்டிற்று. 1990களின் நடுப்பகுதியில் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. அதன்பின் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. 11 முதல் 16 வயது வரையான 367 பாடசாலை மாணவியரைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், தைரோகுளோபுலின் என்னும் தைரொயிட்டுப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி பதினொரு வயதினரில் நூற்றுக்குப் பதினான்கு பேரிடமும், பதினாறு வயதினரில் ஏறத்தாழ எழுபது பேரிடமும் காணப்பட்டது. அயடீன்தானா காரணம் என்ற வினாவை ஆய்வாளர் தமது தலைப்பிலேயே வைத்தனர். சில ஆண்டுகளின் பின்னர் மீண்டும் பார்த்தபோது அப்பிறபொருளெதிரி பெருமளவு குறைந்திருந்தது. நெடுங்காலம் பட்டினி கிடந்த சுரப்பிகள் திடீரென உணவு கண்டு கலங்கிப் பின் தெளிந்தன போலும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். இஃது ஒரு கலைப்பீடத்தாளின் உவமையே அன்றி விஞ்ஞான முடிபன்று. சமூகம் முழுவதற்கும் அந்த உப்பு நன்மையே செய்தது. என்னைப் போன்ற சிலர், உப்போடு நிறுத்திக்கொள்ளாமல் போத்தலுக்கும் போய்விடக்கூடாது என்பதே விடயம்.

மற்றைய விலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோதுமையின் புரதம் ஒவ்வாத குடல்நோய் ஒன்று உண்டு. அது தைரொயிட்டு நோயருக்குச் சற்றுக் கூடுதலாக வருவதுண்டு. அந்நோய் இல்லாதவர் பாணை விலக்குவதால் நன்மை உண்டென்பதற்குத் திடமான சான்று இல்லை. கோவாவைச் சமைத்து அளவாக உண்பதில் தீங்கில்லை. மரவள்ளியின் நஞ்சு உடலில் தயோசயனேற்றாக மாறி, சுரப்பி அயடீனைப் பெறுவதைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆபிரிக்காவின் இட்ஜ்வித் தீவில் அவ்வாறு கழலை பெருகியதை ஆராய்ந்திருக்கின்றனர். ஆனால் அங்கே அயடீன் குறைவும் சேர்ந்திருந்தது. மீன்குழம்போடு மரவள்ளி உண்ணும் எமக்கு அக்கதை முழுமையாகப் பொருந்தாது. செலேனியம் என்னும் தாது பிறபொருளெதிரியின் எண்ணைச் சிலரில் குறைக்கிறது. நோயின் போக்கை மாற்றுகிறதென்று நிறுவப்படவில்லை. அதுவும் மீனிலும் முட்டையிலும் தாராளமாக உண்டு. பெரியம்மா விலக்கச் சொன்ன மீனையே அம்மா மீண்டும் என் கோப்பையில் வைத்தபோது, வைத்தியர் சொன்ன 'வழமைபோல' என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று. அது அசட்டையாகச் சொன்ன சொல் அன்று.

இந்தத் தேடலில் உண்மையான பயன் அடைந்தவர் பெரியம்மா. அவர் ஏழெட்டு ஆண்டுகளாகத் தைரொக்சின் குளிசை எடுப்பவர் என்பதையே நாம் இதன்பின்னர்தான் அறிந்தோம். அவரும் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. கிளினிக்கில் குளிசையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், உடம்போ தேறவில்லை என்று குறைப்பட்டார். எப்படி எடுக்கிறீர்கள் பெரியம்மா என்று கேட்டேன். "விடிய எழும்பினவுடன, பால்தேத்தண்ணியோடதான். அதுக்குப் பிறகு சத்துக் குளிசை" என்றார். சத்துக் குளிசை என அவர் சொன்னது கல்சியமும் இரும்பும். தைரொக்சினை வெறுவயிற்றில், தண்ணீரோடு மட்டும் எடுத்து, காலையுணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும். பாலும் கோப்பியும் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. கல்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணிநேர இடைவெளி தேவை. இவை எல்லாம் அச்சிட்ட தாளில் ஒருவேளை இருந்திருக்கலாம். அது எம்மொழியில் இருந்திருக்காது. பெரியம்மா தேத்தண்ணியைத் தள்ளிப்போட மூன்று நாட்கள் எடுத்தார். விடியற்காலைத் தேத்தண்ணி எமது ஊரில் வள்ளம் வரும் நேரத்தோடு இணைந்த ஒன்று. கரைக்குப் போகும் முன் அடுப்பில் கேத்தல் ஏறாத வீடு இல்லை. இப்போது குளிசையை முதலில் விழுங்கிவிட்டுக் கரைக்குப் போகிறார். வந்தபின் தேத்தண்ணி குடிக்கிறார். இரண்டு மாதங்களின் பின் குளிசையின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. உணவு தைரொயிட்டைக் காத்த கதை எம் வீட்டில் இதுவொன்றே. அதுவும் உணவைப் பிந்தி உண்டதால்.

நான் போத்தலை நிறுத்தி எட்டுக் கிழமைகளின் பின் எனது அளவு 6.8க்கு இறங்கிற்று. குளிசை இன்னும் தொடங்கவில்லை. தொடங்க நேரலாம். பிறபொருளெதிரியை மீண்டும் அளந்து பார்க்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார்; நானும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார். திருமணமாகிக் கருவுற்றால், காத்திராமல், முதற் கிழமைகளிலேயே இதனைச் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். தொடக்க மாதங்களில் சிசுவின் மூளை தாயின் தைரொயிட்டு ஓமோனையே நம்பி வளர்கிறது. சம்பந்தம் பேசும் வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று அம்மா மூடிவைக்கும் அதே செய்தியை, அந்த வீட்டிலிருந்துதான் நான் சொல்லியாக வேண்டும். இதனை அம்மாவிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, பெரியம்மா தன் மூன்றாவது பிள்ளையை வயிற்றிலேயே இழந்ததைப் பற்றி முதன்முறையாக என்னிடம் சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்புண்டா என்று அம்மா கேட்டார். அத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதனை எவராலும் சொல்ல முடியாது என்றேன்.

அடுப்படியில் இப்போது இரண்டு சட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் கருவாட்டுக்கான கல்லுப்பு. மற்றது மூடியுள்ளது, கடையில் வாங்கும் அயடீன் உப்பு அதில் இருக்கிறது. அது அடுப்பின் வெக்கைக்குத் தள்ளி, நிலைப்படிப் பக்கமாக நிற்கிறது. அம்மம்மா மட்டும் நான் காணாத நேரத்தில் முதற் சட்டியிலிருந்தே அள்ளிப் போடுகிறார். "அது உப்பில்ல, மாவு" என்பது அவரது தீர்ப்பு. எண்பது வயதில் அவருடைய கழுத்து என்னுடையதைவிட நலமாக இருப்பதால் நான் வாதாடுவதில்லை.

இக்கட்டுரையை எழுதப்போவதாக அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதழ் வெளியானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவேன். அம்மா வாசிப்பாரா, அன்றி இதனையும் மடித்துத் திருவிவிலியத்துக்குள் வைப்பாரா என்பது தெரியவில்லை. அடுத்த பரிசோதனை மாசியில். பிளாசியார் நாள் கழித்து வரும் கிழமையில் திகதி தந்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கு அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.